கூண்டு திறந்தாச்சு... கண்மணி ஏன் வெளியே வரலை?

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் பிச்சாவரம் பஸ் ஏறி, ஜன்னலோர சீட்டும் பிடித்துவிட்டீர்கள். கிள்ளையை நெருங்கும்போது செல்போன் அலறுகிறது.

''ஏய்... ஒரு பக் இருக்கு. பொண்ணு. ஆறு வயசு. குட்டி வித்துப் பிழைக்கிற ஒருத்தர்கிட்ட இருந்து மீட்டிருக்காங்க. சும்மாவே தர்றாங்க. உங்க வீட்லதான் தோட்டம், கொல்லைன்னு இடம் கிடக்கே... எடுத்துக்கிறியா?''

உடனே உங்கள் மனசுக்குள் அந்தப் பழைய ஹட்ச் விளம்பரம் ஓடும். 2003-ல் வந்தது. சின்னப் பையன் எங்கே போனாலும் பின்னாலேயே குடுகுடுவென்று ஓடி வரும் பக். நாட்டில் பாதிப் பேர் அதைப் பார்த்துத்தான் 'எனக்கும் ஒண்ணு வேணும்' என்று அடம்பிடித்தார்கள். நீங்களும் ''சரி, அனுப்பி வை!'' என்று சொல்லிவிடுகிறீர்கள்.

மறுநாள் வந்து இறங்குகிறது. பெயர் கண்மணி என்று வைத்துக்கொள்வோம். ஓடி வரவில்லை. வாலை ஆட்டவில்லை. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற அரையடி இடுக்கில் புகுந்து, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி உட்கார்ந்துவிட்டது. கையை நீட்டினால் தரையோடு தரையாகப் படுத்துவிடுகிறது. ''என்ன கண்ணு இது... பேயறைஞ்ச மாதிரி இருக்கு?'' என்கிறார் அம்மா.

பேய் அறையவில்லை. அறைந்தது மனுஷங்கதான். அதை எப்படிச் சரி செய்வது? அதுக்குத்தான் இந்தக் கட்டுரை.

குட்டி போடும் மெஷின்!

'பப்பி மில்' என்பார்கள் இங்கிலீஷில். நாய்க்குட்டி ஃபேக்டரி. பெரிய ஷெட் இருக்க வேண்டும் என்று இல்லை. மொட்டை மாடியில் நாலு கூண்டு, மாடிப்படிக்குக் கீழே இருட்டறை... அது போதும். பெண் நாய் பருவத்துக்கு வரும்போதெல்லாம் சேர்க்கை, குட்டி, உடனே விற்பனை. மறுபடி அதே சுற்று. அது படுப்பது, தின்பது, வெளிக்கிருப்பது எல்லாமே அந்தக் கூண்டுக்குள்தான். கம்பி வலைதான் தரை. புல் என்றால் என்ன, மழை என்றால் என்ன, மிக்ஸி சத்தம் என்றால் என்ன... எதுவும் தெரியாது. குட்டி ஈனுவது நின்றதும் தெருவில் விடுவார்கள், இல்லையென்றால் 'இலவசம்' என்று கை கழுவுவார்கள்.

2022-ல் வந்த '777 சார்லி' பார்த்தவர்களுக்கு இது புரியும். சட்டவிரோதமாகக் குட்டி விற்கிற ஒருவனிடம் இருந்து தப்பி வருகிற லேப்ரடார்தான் சார்லி. படம் கன்னடம். தமிழிலும் டப்பிங் ஆகித் தியேட்டரில் பலரை அழவைத்தது. அழுதுவிட்டு வெளியே வந்து 'லேப் குட்டி என்ன விலை?' என்று தேடினால், அடுத்த சார்லியை நாமே உருவாக்குகிறோம். அந்த மேட்டருக்குக் கடைசியில் வருவோம்.

பயம் எங்கே இருந்து வருது?

நாய்க்குட்டியின் வாழ்க்கையில் மூன்றாவது வாரத்தில் இருந்து சுமார் பன்னிரண்டாவது வாரம் வரை ஒரு முக்கியமான காலம். அமெரிக்க விஞ்ஞானிகள் ஸ்காட்டும் ஃபுல்லரும் பல வருடம் நாய்களோடு ஆராய்ச்சி செய்து 1965-ல் எழுதிய புத்தகத்தில் இதை விளக்கினார்கள். அந்த வாரங்களில் குட்டி எதையெல்லாம் பார்க்கிறதோ, முகர்கிறதோ, அதெல்லாம் அதன் கணக்கில் 'நம்ம உலகம்'. பார்க்காதது எல்லாம் 'ஆபத்து'. கூண்டுக்குள்ளேயே பிறந்து, கூண்டுக்குள்ளேயே வளர்ந்த நாய்க்கு உங்கள் வீட்டு டைல்ஸ் தரையும் ஆபத்துதான். சீலிங் ஃபேனும் ஆபத்துதான். அன்பாக நீள்கிற உங்கள் கையும்தான்!

2011-ல் ஃபிராங்க்ளின் மெக்மில்லன் என்ற கால்நடை மருத்துவர், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் இரண்டு ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து ஒரு ஆய்வு வெளியிட்டார். இப்படிக் குட்டி போடுவதற்காகவே வைத்திருந்து, பிறகு வீடுகளுக்குப் போன 1,169 நாய்கள் ஒரு பக்கம். சாதாரணமாக வீட்டில் வளர்ந்த 332 நாய்கள் இன்னொரு பக்கம். முடிவு என்ன தெரியுமா? மீட்கப்பட்ட நாய்களுக்குப் பயம் ரொம்பவே அதிகம். தொட்டால் பதறுவதும், வீட்டுக்குள் அசுத்தம் செய்வதும், ஒன்றுமில்லாத இடத்தையே வெறித்துப் பார்ப்பதும் அதிகம். உடம்புப் பிரச்னைகளும் அதிகம். ஆனால் ஒரு ஆச்சர்யம்... கோபம் மட்டும் மற்ற நாய்களைவிடக் குறைவு! இத்தனை பட்டும் கடிக்க வருவது குறைவுதான், பாஸ்.

அதற்காக அசால்ட்டாக இருக்காதீர்கள். மூலையில் மாட்டிய எந்த நாயும் கடிக்கும். அசையாமல் நிற்பதைப் பார்த்து 'ரொம்ப சாது' என்று அக்கம்பக்கம் பாராட்டுவார்கள். அது சாது இல்லை, பயத்தில் உறைந்திருக்கிறது. வாலை உள்ளே சுருட்டுவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது... இதெல்லாம் 'கிட்ட வராதே' என்று அது எழுதிக் காட்டுகிற போர்டு. படித்துப் பழகுங்கள்.

ஃபர்ஸ்ட் ஸ்டாப்: மாட்டாஸ்பத்திரி!

ஊரில் மாட்டாஸ்பத்திரி என்றுதான் சொல்வோம். மாட்டுக்கு மட்டும் இல்லை, கண்மணிக்கும் அதுதான் முதல் ஸ்டாப். வெறிநோய்த் தடுப்பூசி, மற்ற தடுப்பூசிகள், குடற்புழு மருந்து, உண்ணி, தோல், காது... எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். முக்கியமாகப் பல். இந்த நாய்களுக்குப் பல் சொத்தையாகி, ஈறு அழுகி இருப்பது சகஜம். வலி இருக்கிற வாயால் எப்படிச் சாப்பிடும்? 'அடம் பிடிக்குது' என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்!

மடியில் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பது பெண் நாய்களுக்கு உயிருக்கே உலை வைக்கும் நோய். கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டால் அந்தப் பயம் போயிடும். இனி அவள் குட்டி போட வேண்டிய கட்டாயமும் இல்லை. உடம்பு எப்போது தாங்கும் என்று டாக்டர் சொல்வார். சில நாய்களுக்குப் பயம் அளவுக்கு மீறி இருந்தால் அதற்கும் மாத்திரை உண்டு. டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும்! மனுஷங்க மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக் கொடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

முதல் வாரம்: சும்மா இருங்க!

அரியர்ஸ் வைத்தாவது சும்மா இருப்பதில் நாம்தான் கில்லாடியாச்சே! அதைத்தான் இங்கே செய்யணும்.

ஒரு மூலை கொடுங்கள். கட்டிலுக்கு அடியிலோ, மூன்று பக்கம் அடைத்த அட்டைப் பெட்டியிலோ பழைய போர்வை விரித்து, பக்கத்தில் தண்ணீர். அது அவள் வீடு. அங்கே இருக்கும்போது யாரும் கை விடக்கூடாது. வெளியே இழுக்கக்கூடாது. 'புது நாய் பார்க்க வந்தோம்' என்று வருகிற பக்கத்து வீட்டுக் குட்டீஸ் பட்டாளத்துக்கு முதல் வாரம் நோ என்ட்ரி.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். தினமும் ஒரே நேரத்தில் அந்த அறையில் தரையில் உட்காருங்கள். முகம் பார்த்து உட்காராமல் பக்கவாட்டில். கண்ணை உற்றுப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்த்தபடி. செமஸ்டர் நோட்ஸைக் கொஞ்சம் சத்தமாகப் படித்தால் ஒரே கல்லில் ரெண்டு மாங்காய்! உங்கள் குரலும் வாசமும் ஆபத்து இல்லை என்று அவள் காது பழகும். சாப்பாடும் அதே நேரம், அதே தட்டு, அதே இடம். நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரிந்தாலே பாதிப் பயம் குறைந்துவிடும். நமக்கும் அப்படித்தானே?

பிஸ்கட்டைப் பின்னால போடுங்க!

இங்கேதான் எல்லோரும் சொதப்புவோம். கையில் ஒரு துண்டு சிக்கனைக் காட்டி, 'வா வா' என்று கிட்டே வரவைத்து, வந்ததும் லபக்கென்று தூக்கிவிடுவோம். முடிஞ்சது! அடுத்த முறை சிக்கனைப் பார்த்தாலும் பயப்படும்.

அதற்குப் பதில், உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த சிக்கனைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, அவளுக்குப் பின்பக்கம் விழுகிற மாதிரி வீசுங்கள். தின்ன வேண்டும் என்றால் உங்களைவிட்டு விலகிப் போக வேண்டும். விலகிப் போக வழி இருக்கிறது என்று தெரிந்த நாய்தான் தைரியமாகக் கிட்டே திரும்பி வரும். தின்றுவிட்டு அவளாக ஒரு அடி உங்கள் பக்கம் வைத்தால், மறுபடி பின்னால் வீசுங்கள். இன்றைக்கு நாலடி தூரம். அடுத்த வாரம் மூன்றடி. அவசரமே இல்லை.

தொடுவது எப்போது? அவளே வந்து உங்கள் கையை முகர்ந்த பிறகு. தலைக்கு மேலே கையைக் கொண்டு போகாதீர்கள். கூண்டில் அவளைத் தூக்கிய கைகள் எல்லாம் மேலே இருந்துதான் வந்திருக்கும். நெஞ்சுப் பக்கமோ தாடைக்குக் கீழோ மூன்று விநாடி தடவிவிட்டு, கையை எடுத்துவிடுங்கள். அவள் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தால் 'தொடரலாம்' என்று அர்த்தம். முகத்தைத் திருப்பினால் 'இன்னிக்குப் போதும்'.

ஒரு எச்சரிக்கை. சிதம்பரத்துக்காரர்கள் பாசத்தில் சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும் வைத்துவிடுவார்கள். வெங்காயம், பூண்டு, சாக்லேட், திராட்சை நாலும் நாய்க்கு விஷம். கருவாடு உப்பு, அதுவும் வேண்டாம்.

'பாத்ரூம்' மேட்டர்

கண்மணி ஹாலில் ஈரம் செய்தால் அடிக்காதீர்கள். மூக்கை அதில் வைத்துத் தேய்க்கிற பழக்கம் நம் தாத்தா காலத்துத் தப்பு. வாழ்நாள் முழுக்கப் படுத்த இடத்திலேயே போன நாய் அவள். வேறு இடம் என்று ஒன்று உண்டு என்பதே அவளுக்கு நியூஸ்!

விடிந்ததும், சாப்பிட்டதும், தூங்கி எழுந்ததும், நடுவே ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையும் கொல்லைப் பக்கம் அதே மூலைக்குக் கூட்டிப் போங்கள். போனதும் சத்தமில்லாமல் ஒரு துண்டு சிக்கன். வீட்டுக்குள் ஆனதை வினிகர் கலந்த தண்ணீரால் வாசம் போகத் துடைத்துவிடுங்கள். ஒரு வாரத்தில் சில நாய்கள் பிடித்துக்கொள்ளும். சிலதுக்கு மாதக்கணக்கில் ஆகும். அம்மாவிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். துடைக்கிற துணி உங்கள் கையில் இருந்தால் வீட்டில் பாதி சண்டை வராது.

வாசல் கதவு... ஜாக்கிரதை!

இப்படி மீட்ட நாய் தொலைந்து போவது பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான். கேஸ் சிலிண்டர்காரர் வந்து கதவு திறந்திருக்கும். ஒரு சத்தம் கேட்கும். அம்பு மாதிரி ஓடிவிடும். கூப்பிட்டால் வராது, ஏனென்றால் அதன் பெயரே அதற்கு இன்னும் தெரியாது. ரயில்வே லைன் பக்கம் போகலாம், மெயின் ரோட்டுக்குப் போகலாம்.

ஆகவே கொல்லைப்புறமே ஆனாலும் கயிறு இல்லாமல் வெளியே விடாதீர்கள். கழுத்துப் பட்டை ஒன்று, நெஞ்சைச் சுற்றிக் கட்டுகிற பட்டை ஒன்று. இரண்டிலும் தனித்தனிக் கயிறு. ஒன்றில் இருந்து நழுவினாலும் இன்னொன்று பிடிக்கும். பட்டையில் உங்கள் செல் நம்பர் எழுதிய தகடு கட்டாயம்.

'பிச்சாவரம் கூட்டிட்டுப் போய் சுரபுன்னைக் காட்டு முன்னால ஒரு செல்ஃபி...' ஆசைதான். ஆனால் கூட்டம், துடுப்புச் சத்தம், ஆடுகிற படகு எல்லாம் அவளுக்கு இப்போதைக்கு டூ மச். முதலில் வாசல் படி. அப்புறம் தெருமுனை. அப்புறம் விடியற்காலையில் ஆளில்லாத ரோடு. அன்றைய தைரியம் எந்த இடத்தில் தீர்கிறதோ, அதற்கு ரெண்டடி முன்னாலேயே திரும்பிவிடுங்கள்.

தீபாவளி வெடியும், ஆனித் திருமஞ்சனம், ஆருத்ரா தரிசனத்துக்கு மேளமும் கூட்டமுமாக அதிர்கிற தேர் வீதிகளும் அவளுக்கு பூகம்பம் மாதிரி. அந்த நாட்களில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனைச் சுழலவிட்டு, டி.வி-யை மெதுவாக ஓடவிட்டு, பக்கத்தில் உட்காருங்கள். 'பயப்படும்போது சமாதானப்படுத்தினா பயம் ஜாஸ்தியாகும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் மடிக்கு அவளாக வந்தால் இடம் கொடுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே அமைதியான நாய் ஒன்று இருக்கிறதா? உங்களைவிட அதுதான் பெஸ்ட் வாத்தியார். அது படியேறுவதைப் பார்த்து இவள் ஏறுவாள். அது உங்களிடம் குழைவதைப் பார்த்து, 'ஓ, இவங்க நல்லவங்கதானோ' என்று யோசிப்பாள்.

பாஸ் ஆகுமா, ஃபெயில் ஆகுமா?

1866-ல் தொடங்கிய ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற அமெரிக்க விலங்கு நல அமைப்பு, இப்படிப்பட்ட பயந்த நாய்களுக்கென்றே 2013-ல் ஒரு மறுவாழ்வுத் திட்டத்தை ஆரம்பித்தது. 2018-ல் வடக்கு கரோலினாவில் அதற்கு நிரந்தர மையமே கட்டியது. அங்கே சிகிச்சை பெற்ற 441 நாய்களைப் பற்றிய ஆய்வு 2022-ல் வெளிவந்தது. 86 சதவிகிதம் தேறிவிட்டன! அதற்கு ஆன காலம் சராசரியாக மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் அதிகம். நம் செமஸ்டரைவிடக் குறைவு, ரிசல்ட் நம்மைவிட பெட்டர்!

நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. 2016-ல் பெங்களூரில் ஒரு ஆய்வகத்தில் இருந்து விடுவிக்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பீகிள் நாய்களுக்கு, அந்த ஊரின் சி.யு.பி.ஏ. அமைப்பு வீடு தேடிக் கொடுத்தது. குட்டி வியாபாரத்துக்கு இல்லை, மருந்துச் சோதனைக்காகக் கூண்டில் இருந்தவை அவை. ஆனால் பயம் ஒன்றுதான். புல் தரையில் கால் வைக்கவே தயங்கிய நாய்களுக்குக் குடும்பங்கள் பொறுமையாக உலகத்தை அறிமுகம் செய்து வைத்தன.

கண்மணி தேறுகிறாளா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நீங்கள் இருக்கும்போதே சாப்பிடுவாள். சுருண்டு படுக்காமல், ஒருக்களித்து, காலை நீட்டித் தூங்குவாள். ஒரு நாள் தட்டுக் கீழே விழுந்து, பதறி ஓடி, பிறகு அவளே மெள்ள எட்டிப் பார்ப்பாள். அந்த எட்டிப் பார்த்தல் இருக்கிறதே... அதுதான் ஃபர்ஸ்ட் கிளாஸ்! அடுத்த வாரமே எல்லாம் பின்னுக்குப் போகலாம். சோர்ந்துவிடாதீர்கள். சில பயங்கள் கடைசிவரை இருக்கும். அதனால் அவள் ஃபெயில் இல்லை.

எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி

இது கொஞ்சம் சீரியஸ். நீங்கள் ஃபைனல் இயர். கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைத்து சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விட்டால், கண்மணியை யார் பார்ப்பார்கள்? பக் பன்னிரண்டு வருடம் தாண்டியும் வாழும். ஆறு வயதில் வருகிறவளுக்கு இன்னும் ஆறு வருடமாவது ஒரு வீடு வேண்டும். ஹாஸ்டல் ரூமில் ரகசியமாக வைத்துக்கொள்ளலாம் என்கிற ஐடியாவை இங்கேயே தூக்கிப் போடுங்கள். அப்பா, அம்மா முழு மனசோடு 'சரி' என்று சொன்னால் மட்டும் எடுங்கள். ஒரு தடவை கைவிடப்பட்ட நாயை இன்னொரு தடவை கைவிடுவதற்கு, 'முடியாது' என்று முதலிலேயே சொல்வது நூறு மடங்கு மேல். எடுக்க முடியாதவர்கள் மருந்துச் செலவுக்குக் கொடுக்கலாம். வண்டியில் கொண்டுபோய் விட உதவலாம். 1959-ல் சென்னையில் ஆரம்பித்த புளூ கிராஸ் மாதிரியான அமைப்புகளில் லீவு நாளில் தொண்டு செய்யலாம்.

காசு கொடுத்துக் குட்டி வாங்கப் போகிற நண்பனுக்கும் ஒரு விஷயம் சொல்லுங்கள். 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி, குட்டி விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது. ஒரு பெண் நாய் வாழ்நாளில் ஐந்து முறைக்கு மேல் ஈனக்கூடாது. 'பதிவுச் சான்றிதழைக் காட்டுங்க, தாய் நாயைப் பார்க்கணும்' என்று கேட்கச் சொல்லுங்கள். 'தாய் வேற ஊர்ல இருக்கு, பஸ் ஸ்டாண்டுல வச்சுக் குட்டியைத் தர்றேன்' என்றால், அங்கே எங்கேயோ ஒரு கண்மணி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்று அர்த்தம். 2024-ல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் ஊர் வெயிலுக்கு ஒத்துவராத இனங்களின் பட்டியலில் பக்-கும் ஹஸ்கியும் இருந்தன. நம் தெருவிலேயே வெயில் தாங்குகிற அழகுக் குட்டிகள் எத்தனை!

காடு சொன்ன பாடம்

கடைசியாக, பிச்சாவரத்துக்கே வருவோம். படகில் போகும்போது பச்சைப்பசேல் என்று நிற்கிற இந்த அலையாத்திக் காட்டின் ஒரு பகுதி, ஒரு காலத்தில் மொட்டையாகக் கிடந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் இருந்தே பாத்தி பாத்தியாக மரங்களை மொத்தமாக வெட்டினார்கள். வெயில் பட்டு மண் காய்ந்து, பள்ளமாக இறங்கியது. உள்ளே வந்த கடல் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, வற்றி, உப்பு ஏறியது. அந்த மண்ணில் கன்று பிழைக்கவில்லை.

1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் வேறு மாதிரி யோசித்தார்கள். மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். கடல் ஏறும்போது தண்ணீர் வந்தது, இறங்கும்போது போனது. தினமும், அதே நேரக் கணக்கில். உப்பு மெள்ள மெள்ளக் குறைந்தது. அதன் பிறகு நட்ட கன்றுகள் பிடித்துக்கொண்டன.

கண்மணியும் அப்படித்தான். தைரியத்தை யாரும் அவளுக்குள் கொண்டுபோய் நட முடியாது. வருவதற்கும் போவதற்கும் வாய்க்காலை வெட்டிவிட்டு, தினமும் அதே நேரத்தில் தரையில் உட்கார்ந்து நோட்ஸ் படித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஒரு நாள் பக்கம் புரட்டும்போது, உங்கள் முட்டியில் ஏதோ ஈரமாகப் படும். திரும்பிப் பார்க்காதீர்கள். அது கண்மணியின் மூக்கு. நீங்கள் பாட்டுக்கு அடுத்த பக்கத்தைப் படியுங்கள்!